கித்துல்கல பாலமும் கால்வாசித் தெளிவும்

அண்மையில் பொல்பிட்டியவுக்குப் போயிருந்தேன். கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய பணத்தில் வாங்கிய 55 அங்குலத் தொலைக்காட்சி, பெரியப்பா வீட்டின் முன்னறைச் சுவரை அடைத்துக்கொண்டிருந்தது. அதில் ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. டேவிட் லீன் இயக்கிய ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ என்பதே அந்தப் படம். அதற்காகக் கித்துல்கலவில் களனி கங்கையின் குறுக்கே மரப்பாலம் கட்டப்பட்டபோது அவர் பதினாறு வயதுப் பையன். ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தே போய் வேடிக்கை பார்த்தவர். பாலத்துக்குக் கீழே ஆற்றின் நடுவில் கிடந்த ஒரு பாறையில் அமர்ந்து மீன் பிடித்ததுண்டாம். அந்தப் பாறை படத்தில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பார்.

மகன் தான் வாங்கிய வட்டிலிருந்து கோப்பாக மாற்றி, சிறிய சேமிப்பகம் ஒன்றில் கொடுத்தனுப்பியிருந்தான். தொலைக்காட்சியில் ஏற்கெனவே இருந்த ஒரு செயலியில் படத்தை ஓடவிட்டோம். பாலம் தெரிந்தது. ஆற்றின் கற்களோ ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன.

“ஏன் தம்பி, இம்புட்டுப் பெரிய டீவியில கல்லெல்லாம் கரஞ்சு போன மாதிரித் தெரியுது?” என்றார் பெரியப்பா.

அவருடைய கேள்விக்கு விடை தேடப் போனபோது, ஒரு திரைப்படம் மூலச்சுருளிலிருந்து நம் கண்ணுக்கு வந்து சேரும் வழியில் எதை எதை இழந்தது என்ற வரலாறு எனக்குக் கிடைத்தது.

இப்படம் 1956, 1957 ஆம் ஆண்டுகளில் 35 மில்லிமீற்றர் சுருளில், சினிமாஸ்கோப் முறையில் எடுக்கப்பட்டது. உயரத்தைப் போல 2.55 மடங்கு அகலமான சட்டகம். 1957 மார்ச்சில், அன்றைய பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா பார்த்திருக்கப் பாலம் தகர்க்கப்பட்டது. படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. ஒளிப்பதிவுக்காக ஜாக் ஹில்ட்யார்ட் பெற்ற விருதும் அவற்றில் ஒன்று. அந்தச் சுருளில் ஆற்றின் கற்கள் தெளிவாகவே பதிவாகியிருந்தன.

முதல் இழப்பு தொலைக்காட்சியால் நேர்ந்தது. 1966 செப்டெம்பர் 25 அன்று அமெரிக்காவின் ஏ.பி.சி. நிறுவனம் இப்படத்தை ஒளிபரப்பியபோது சுமார் 6 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கிடப்பட்டது. ஆனால் அக்காலத் திரையின் அகலம் உயரத்தைப் போல 1.33 மடங்கு மட்டுமே. அத்தகைய திரையை இந்தச் சட்டகத்தால் முழுவதுமாக நிரப்ப வேண்டுமானால், ஏறத்தாழப் பாதிப் படத்தை வெட்டியெறிய வேண்டும். எஞ்சிய பாதியும் 480 கோடுகளுக்குள் அடங்க வேண்டும்.

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979 ஏப்ரலில், சுயாதீனத் தொலைக்காட்சியின் வாயிலாக. ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 அன்று தொடங்கியது. அதன் பிரதான ஒளிபரப்புக் கோபுரம் எங்கள் மலையகத்தின் பீதுருதாலகால உச்சியிலேயே நின்றது. 625 கோடுகளைக் கொண்ட பால் முறையில், 576 கோடுகளே படத்துக்கு உரியவை.

அதைக் காண மின்சாரம் வேண்டுமே. டி.ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918 இலேயே இந்த ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதினார். லக்சபான நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. பொல்பிட்டியவின் 75 மெகாவாட் நிலையம் 1969 இல் வந்தது. மின்கம்பிகள் கொழும்பை நோக்கித் தலைக்கு மேலே ஓடின. கீழே இருந்த லயங்கள் பலவற்றுக்கு அது நெடுங்காலம் எட்டவில்லை. கார் பற்றரியில் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன் ஒரு லயமே கூடியிருந்த இரவுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. பின்னர் வீடியோ கசெட் வந்தது. வி.எச்.எஸ். நாடாவின் தெளிவு சுமார் 240 கோடுகள்தாம். பிரதியின் பிரதியாகக் கைமாறி எங்களிடம் வந்தபோது அதுவும் மிஞ்சவில்லை.

இழந்தது திரும்பத் தொடங்கியது இந்த நூற்றாண்டில்தான். 2010 இல் மூல நெகட்டிவைக் கொண்டு படம் 4கே தெளிவில் புதுப்பிக்கப்பட்டது. 2017 இல் 4கே வட்டாகவும் வெளிவந்தது. அத்தகைய வட்டில் ஒரு சட்டகம் 3840 புள்ளி அகலமும் 2160 புள்ளி உயரமும் கொண்டது. மொத்தம் 82,94,400 புள்ளிகள். இப்படம் மிக அகலமானது என்பதால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் போக, சுமார் 1,500 கோடுகளில் காட்சி நிற்கும். பட்டைகளைக் குறையென்று எண்ணிப் படத்தை இழுத்துப் பெருப்பித்தால் மறுபடியும் பக்கங்களை வெட்டுகிறோம் என்று பொருள்.

அப்படியானால் பெரியப்பாவின் திரையில் கற்கள் ஏன் கரைந்தன? இங்குதான் கடைசி இழப்பு ஒளிந்திருந்தது. ஸ்மார்ட் தொலைக்காட்சிக்குள் படம் திரைக்கு வர இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, பட்டியல்களும் எழுத்துகளும் வரையப்படும் பாதை. நினைவகத்தைச் சிக்கனப்படுத்த, 4கே தொலைக்காட்சிகள் பலவற்றிலும் இப்பாதை 1920க்கு 1080 என்ற அளவிலேயே அமைக்கப்பட்டிருக்கிறது. மற்றது, காணொளியைப் பிரித்தெடுக்கும் சில்லிலிருந்து நேரே திரைக்குச் செல்லும் பாதை. அதில் முழு அளவும் வரும். செயலியானது மென்பொருளால் படத்தைப் பிரித்து முதற்பாதையில் வரைந்தால், 82 இலட்சம் புள்ளிகள் 20 இலட்சமாகச் சுருங்கி, மீண்டும் ஊதிப் பெரிதாக்கப்படும். கால்வாசிப் படம் முழுப்படம் போல வேடமிட்டு நிற்கும். திரையின் தகவற்பெட்டி அப்போதும் 4கே என்றே காட்டக்கூடும். ஏனெனில் அது சொல்வது திரையின் அளவை.

அச்செயலியின் அமைப்புகளில் வன்பொருள் முடுக்கம், அதாவது ஹார்ட்வேர் ஆக்சலரேஷன், நிறுத்தப்பட்டிருந்தது. அதை இயக்கினேன். ‘கோடி’ என்ற செயலியின் ஆண்ட்ராய்டு வடிவத்தில் இதே தெரிவு ‘மீடியாகோடெக் சர்ஃபேஸ்’ என்ற பெயரில் இருக்கிறது. அடுத்து, படத்தின் ஓரங்களை வெட்டும் ‘ஓவர்ஸ்கேன்’ வழக்கத்தை நிறுத்தினேன். குழாய்த் திரைக் காலத்தில் ஓரத்துக் கோணல்களை மறைக்கப் பிறந்த அவ்வழக்கம், தட்டைத் திரையிலும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வாசகர்கள் தங்கள் வீட்டிலும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளையாகச் சதுரங்கக் கட்டம் போல அமைந்த 4கே சோதனைக் காணொளியை அந்தச் செயலியில் ஓடவிடுங்கள். கிட்டே நின்று பார்த்தால் புள்ளிகள் தனித்தனியே தெரிய வேண்டும். சாம்பல் நிறமாகக் கலங்கினால் வழியில் எங்கோ சுருக்கம் நடக்கிறது. இணையவழிப் படங்களுக்குத் தடைகள் வேறு. யூடியூப் 4கே படங்களை வி.பி.9 போன்ற குறிமுறைகளில் தருவதால், அதை அறியாத கருவியில் 1080 கோடுகளுக்கு மேல் கிடைக்காது. கட்டணச் சேவைகளில் கருவியின் பாதுகாப்புச் சான்று தாழ்ந்ததாக இருந்தால், சந்தா எதுவாயினும் குறைந்த தெளிவே வரும்.

தெளிவு முழுமையானாலும் படம் காட்டாத ஒன்று உண்டு. சயாம் - பர்மா ரயில்பாதை அமைக்க ஜப்பானியர் கொண்டுபோன ஆசியத் தொழிலாளர்களில் மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள் பெருந்தொகையினர். பல்லாயிரம் பேர் அங்கேயே மடிந்தார்கள். 1943 இல் முடிந்த அப்பாதையின் கதையைச் சொல்ல வந்த படம், போர்க்கைதிகளை மையமாக வைத்து, அவர்களை விட்டுவிட்டது. தேயிலைத் தோட்டத் தமிழர்கள் வாழும் மலைகளுக்கு அருகே எடுக்கப்பட்ட படம் அது. மூலச்சுருளில் இல்லாதவர்களை எந்தச் செயலியும் மீட்டுத் தராது. அது எங்கள் எழுத்தின் வேலை.

அன்றிரவு மறுபடியும் படத்தை ஓடவிட்டோம். பாலம் வந்ததும் பெரியப்பா எழுந்து திரைக்கு அருகில் போனார். விரலை வைத்துக் காட்டினார்.

“இந்தா, இதுதான் தம்பி. இன்னும் அங்கதான் கெடக்கு.”

அது அவருடைய பாறைதானா என்று நான் கேட்கவில்லை. இம்முறை அதன் விளிம்பும் அதை உரசிச் சென்ற நுரையும் எனக்கும் தெரிந்தன.