கேட்டலும் ஒரு வழிபாடே

வழிபாடு என்றதும் யாழ்ப்பாணத்தவர் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது நல்லூர்த் திருவிழா. காவடி, கற்பூரச்சட்டி, அங்கப்பிரதட்சிணை, பெண்களின் அடியழித்தல் ஆகியன உடலை வருத்திச் செய்யும் வழிபாடுகள். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலோ பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கிறார். இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய மற்றொரு வழிபாடும் எம்மிடம் உண்டு. அது இருந்த இடத்தில் இருந்து, செவி கொடுத்துக் கேட்பது. புராணபடனம் என்று அதனைச் சொல்கிறோம். நேயர்களே, இன்று அதனைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என ஞானத்தின் படிகளை நான்காகச் சைவ சித்தாந்தம் வகுக்கிறது. முதற்படி கேட்டல். அந்தப் படியை ஊரவர் அனைவருக்கும் உரியதாக்க எம் முன்னோர் கண்ட வழியே புராணபடனம் எனலாம்.

கோவில் மண்டபத்தில் இருவர் அமர்வர். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். சீரும் சந்தியும் பிரித்துக் கொடுப்பார். மற்றவர் பயன் சொல்வார். பயன் சொல்லுதலாவது, செய்யுளைக் கொண்டுகூட்டிப் பொருள் விரித்து, கேட்போர் மனங்கொள்ள உரைப்பது. கார்த்திகையிலே தொடங்கும் விநாயக விரதத்துக்குச் சுன்னாகம் வரதபண்டிதரின் பிள்ளையார் கதை. மார்கழித் திருவெம்பாவை நாள்களுக்குத் திருவாதவூரடிகள் புராணம். ஆயினும் இவை எல்லாவற்றுக்கும் மேலாக நின்றது காஞ்சிபுரம் கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணமே. ஆறு காண்டங்கள், 10,345 செய்யுள்கள் கொண்ட பெருநூல் அது. பூசை முடிவிலே நாம் பாடும் வாழ்த்துச் செய்யுளும் அந்நூலுக்கு உரியதே. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) எமது வாழ்வு முறையையே ‘கந்தபுராண கலாசாரம்’ என்று பெயரிட்டு அழைத்தமை காரணமின்றி அன்று.

என் அப்பாச்சிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. சூரபன்மன், சிங்கமுகன், தாரகன் மூவருடைய குணபேதங்களை அவர் எடுத்துச் சொல்லும்போது, பட்டப்படிப்புப் படித்த நான் வாயடைத்திருப்பேன். “சூரனை ஆண்டவர் அழிக்கேல்லை மோனை, மயிலாயும் சேவலாயும் தன்னோட வைச்சுக்கொண்டார்” என்பார். அது அவர் மண்டபத் தூணோரம் இருந்து கேட்டுப் பெற்ற கல்வி.

ஆறுமுக நாவலர் 1847 டிசெம்பர் 31ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிலே தமது பிரசங்கத்தைத் தொடங்கினார். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய நாவலர், பாதிரிமாரின் பிரசங்க முறையை அருகிருந்து கண்டவர். அம்முறை சைவத்துக்குப் புதியது. ஆனால் அதனைக் கேட்க வந்தோரின் செவிகள், புராணங் கேட்டுப் பழகியவை. பிரசங்கம் இம்மண்ணில் விரைந்து வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

இவ்வளவு பெருமை பேசிவிட்டு ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. மண்டபத்தில் எல்லோரும் இருந்து கேட்கவில்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியது. அதன் பின்னரும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலில் ஆலயப் பிரவேசம் கோரி மக்கள் போராட வேண்டியிருந்தது. வேடர் குலத்து வளர்ந்த வள்ளியை முருகன் தேடிச் சென்ற கதையை உள்ளே வாசித்துக்கொண்டு, வெளியே சிலரை மறித்து நின்றோம். கேட்டது செவியோடு நின்றுவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

என் தகப்பனார் எங்கள் ஊர்க் கோவிலிலே பயன் சொன்னவர். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில், ஷெல் சத்தத்துக்கிடையே, சூரன் வதை வரை வாசித்தாயிற்று. தேவகாண்டமும் தட்சகாண்டமும் எஞ்சியிருந்தன. ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இரவோடிரவாகப் பெயர்ந்தது. எனக்கு அப்போது 14 வயது. அப்பா சைக்கிள் கரியரில் அரிசிப் பையையும், அதன்மேல் பட்டில் சுற்றிய கந்தபுராணத்தையும் வைத்துக் கட்டினார். மழையில் நனைந்தபடி, சனநெரிசலில் அடிமேல் அடி வைத்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம்.

தென்மராட்சியில் நாங்கள் தங்கிய பள்ளிக்கூட வளவில் ஒரு பலா மரம் நின்றது. ஒரு மாலை அப்பா அதன் கீழே பாய் விரித்து, எஞ்சியதில் வள்ளியம்மை திருமணப் படலத்தையாவது நிறைவு செய்வோம் என்று அமர்ந்தார். வாசிப்பவர் எங்கு போனாரென்று தெரியாது. அப்பாவே வாசித்தார், அப்பாவே பயன் சொன்னார். அந்த வளவில் இருந்த அத்தனை பேரும் வந்து சுற்றியிருந்தனர். யார் எங்கே இருப்பது என்று அன்று எவரும் கேட்கவில்லை. ஊரிலே வாசலுக்கு வெளியே நின்று கேட்டுப் பழகிய முதியவர் ஒருவர் அப்பாவின் எதிரே, நூலுக்கு அருகில் இருந்தார். படலம் முடிந்ததும் அவர் நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் கண்டேன்.

அடுத்த ஆண்டு ஊர் திரும்பினோம். கோவிலும் பழைய நிலைக்குத் திரும்பியது. அந்தப் பெரியவரும் பழையபடி வாசலிலே நின்றார். அப்பா அன்று நூலை மூடிவைத்துவிட்டு, “ஐயா உள்ளுக்கு வந்து இருக்கட்டும், பிறகு தொடங்குவம்” என்றார். நீண்ட நேரம் ஒருவரும் பேசவில்லை. ஈற்றில் அவர் வந்து இருந்தார். அதன்பின் சிலர் அந்த மண்டபத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டனர். அப்பா அதற்காகப் பயன் சொல்வதை நிறுத்தவில்லை.

இன்று பயன் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எங்கள் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி வாசிக்கிறாள். கேட்க வருவோர் சில நாள்களில் பத்துப் பேரும் இல்லை. ஒலிப்பதிவைப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்போரும் உளர். ஒலிப்பதிவுக்கு எதிரே இருப்பவரின் முகம் தெரியாது. வாசலிலே நிற்பவரை உள்ளே அழைக்கவும் அதனால் முடியாது.

நேயர்களே, வரும் ஐப்பசியிலே உங்கள் ஊர்க் கோவிலில் புராணபடனம் நடக்குமாயின், ஒரு மாலையாவது சென்று இருந்து கேளுங்கள். போகும்போது அயலவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.