ஏரிக்குள் எழுந்த தியாகராய நகர்

தியாகராய நகரில் ஒரு கிரவுண்டு இன்றைக்கு எத்தனை கோடி என்று ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலுள்ள எங்கள் மண்ணூர் டீக்கடையில் யாரைக் கேட்டாலும் ஒரு தொகை சொல்வார்கள். நூறு வருடத்துக்கும் முன்னால் அந்த இடம் ஏரிக்குள் இருந்தது என்று சொல்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும். அப்பா எங்கள் பக்கத்து ஏரிகளில் கரை பார்த்தவர்; பொதுப்பணித் துறையில் அந்த வேலைக்கு லஸ்கர் என்று பெயர். எந்த ஊருக்குப் போனாலும் மேடு எது, பள்ளம் எது, கலங்கல் எந்தப் பக்கம் என்று தேடுகிற பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது.

நுங்கம்பாக்கத்தில் தொடங்கிச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை பிறை வடிவில் நீண்டு கிடந்த அந்த நீர்ப்பரப்பை வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்றார்கள். அதன் ஒரு பகுதி நுங்கம்பாக்கம் ஏரி, இன்னொரு பகுதி மயிலாப்பூர் ஏரி. கிழக்கே கரையை ஒட்டி மவுண்ட் ரோடு போனது. நுங்கம்பாக்கம் 1708லேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்துவிட்டது; பின்னாளில் தியாகராய நகர் எழுந்த மாம்பலம் அதற்குப் பிறகும் வெகுகாலம் கிராமமாகவே இருந்தது. 1893ல் மெட்ராஸ் போட் கிளப் இந்த ஏரியில் படகுப் போட்டி நடத்தியிருக்கிறது என்றால் தண்ணீர் எவ்வளவு நின்றிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நகரம் பெருத்துக்கொண்டே வந்தது. 1921ல் சுமார் 5.27 லட்சமாக இருந்த சென்னையின் மக்கள்தொகை 1931ல் 6.47 லட்சம் ஆனது. 1920ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சி ஆட்சியில், 1923ல் ஏரியை வடித்து மாம்பலம் குடியிருப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஏரி நிலம் 1,600 ஏக்கர் என்பது பலரும் சொல்லும் கணக்கு. 1925ல் நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் மறைந்தார். அவர் பெயரே புது நகருக்கு நிலைத்தது. அந்த ஆண்டில்தான் நுங்கம்பாக்கம் பக்கத்து ஏரி நிலத்தில் லயோலா கல்லூரியும் தொடங்கியது.

தெருப்பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால் ஒரு கட்சியின் வரலாறே கிடைக்கும். நடுவில் பனகல் பூங்கா. உஸ்மான் சாலை, ஜி.என். செட்டி சாலை, டாக்டர் நாயர் சாலை, நடேசன் பூங்கா எல்லாம் நீதிக்கட்சிக்காரர்களின் பெயர்கள். பாண்டி பஜார் என்பதில் இருப்பது டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். முதலில் வந்தவர்கள் வக்கீல்கள், அதிகாரிகள். 1928ல் நல்லி பட்டுக்கடை வந்தது. 1931ல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டம் கூடியது. பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள்: ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர்., தெற்கு போக் ரோட்டில் சிவாஜியின் அன்னை இல்லம். கடைசியில் வீட்டுத் தெருக்களே கடைத்தெருவாகி, ரங்கநாதன் தெருவில் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாத நிலை வந்தது.

அக்கா கல்யாணத்துக்குப் புடவை எடுக்க நாங்களும் அங்கேதான் போனோம். எல்லோரும் கடைக்குள் போன பிறகும் அப்பா உஸ்மான் ரோட்டு ஓரத்திலேயே நின்றார்.

“என்னாப்பா பாக்கறீங்க?”

“தண்ணி எந்தப் பக்கம் போவும்னு பாக்கறன்டா.”

ஏரி என்பது தோண்டின குளம் இல்லை. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் கரை போட்டு, மேட்டிலிருந்து இறங்கி வருகிற மழையை நிறுத்துவதுதான் ஏரி. பாசனத்துக்கு மதகு, நிறைந்தால் வழிந்து அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ போகக் கலங்கல். கரையை உடைத்தால் நின்ற தண்ணீர் போய்விடும். மேட்டிலிருந்து வருகிற வரத்து நிற்காது. லாங் டேங்க் வாங்கிக்கொண்ட மழையை இன்று மழைநீர் வடிகால்களும் மாம்பலம் கால்வாயும் சுமக்க வேண்டியிருக்கிறது. 2015லும் 2021 நவம்பரிலும் தியாகராய நகர்த் தெருக்களில் தண்ணீர் நின்றதை எல்லோரும் பார்த்தோம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. ஏரி மட்டும் இல்லை.

பனகல் அரசர் காலத்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூங்காவும் அகலத் தெருவுமாக ஒரு நகரத்தைத் திட்டம் போட்டுக் கட்டினார்கள். மழைநீருக்கு மாற்று வழி அதே அளவுக்குத் திட்டமிடப்படவில்லை என்பதுதான் என் வருத்தம். அவர்களுக்கு முன்னால் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு தியாகராய நகர் இல்லை. நமக்கு இருக்கிறது.

இதை மண்ணூரிலிருந்து எழுதக் காரணம் அதுதான். 1996ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமெல்லாம் நிலத்தின் விலையே மாறிப்போனது. கம்பெனி பஸ் வந்தது, பிள்ளைகளுக்கு வேலை வந்தது. அதில் எனக்கும் சந்தோஷம்தான். கூடவே நஞ்சையெல்லாம் மனைப்பிரிவாகிறது. ஏரித் தண்ணீரில் விளைந்த ஆயக்கட்டு நிலம் போனதும், பாசனமே இல்லாதபோது ஏரி எதற்கு என்கிற பேச்சு வருகிறது. பாசனம் நின்றாலும் ஏரி வேலை செய்கிறது: கிணற்றுக்கும் போருக்கும் ஊற்று கொடுக்கிறது, ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தைப் பிடித்து வைக்கிறது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உள்ள செம்பரம்பாக்கம் ஏரிக்கும் மேலேயிருக்கும் ஏரிகளிலிருந்துதான் தண்ணீர் வருகிறது. மேலே உள்ளவற்றைத் தூர்த்தால் அத்தனை தண்ணீரும் ஒரே மூச்சில் கீழே இறங்கும்.

எங்கள் பக்கம் மனை வாங்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புரோக்கர் காட்டுகிற வண்ணப்படத்தோடு நிற்காதீர்கள். சர்வே எண்ணை வாங்கி, புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். பக்கத்தில் வரத்துக் கால்வாய் போகிறதா என்று மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் வந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.