ஈயத்தில் வார்த்த கையெழுத்து

முப்பது வருடத்துக்கு மேல் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவன் நான். எந்த போர்டைப் பார்த்தாலும் கடையைக் கவனிப்பதற்கு முன் எழுத்தைத்தான் பார்ப்பேன். போன வாரம் எங்கள் கடைத்தெருவில் ஒரு புது பிளெக்ஸ் போர்டு. ஆங்கிலப் பெயர், தூரிகையால் விறுவிறுவென்று எழுதினாற்போல. உற்றுப் பார்த்தேன். 'ஆர்' என்ற எழுத்து இரண்டு இடத்தில் வந்திருந்தது. இரண்டும் அச்சு அசலாக ஒன்று. அப்படியானால் இது யாரும் எழுதியதல்ல, 'மிஸ்ட்ரல்' என்ற எழுத்துரு.

என் சித்தப்பா போர்டு எழுதுகிறவர். அவர் எழுதினால் ஒரே போர்டில் இரண்டு 'க' ஒரே மாதிரி இருக்காது. "உன் ஈய எழுத்துக்கு உயிர் இல்லைடா" என்று என்னைச் சீண்டுவார்.

அந்த உயிரை ஈயத்துக்குள் கொண்டுவர முயன்றவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1942-இல் ராபர்ட் ஸ்மித் 'பிரஷ் ஸ்கிரிப்ட்' வரைந்தார். பிரான்சில் ரோஜர் எக்ஸ்கோஃபோன், 1953-இல் மார்சேய் நகரத்து ஒலிவ் வார்ப்படச் சாலைக்காக மிஸ்ட்ரலை வரைந்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது தம்முடைய சொந்தக் கையெழுத்தை. பெயர், தென் பிரான்சில் வடக்கிலிருந்து சுழற்றி அடிக்கும் குளிர்காற்றினுடையது.

இது எவ்வளவு கஷ்டம் என்று கம்பாசிட்டருக்குத்தான் தெரியும். ஈய எழுத்து ஒவ்வொன்றும் தனிக் கட்டை. பக்கத்தில் பக்கத்தில் கோத்தால் நடுவே மயிரிழை இடைவெளி விழும். சேர்த்து எழுதும் எழுத்தில் அந்த இடைவெளி குட்டை உடைத்துவிடும். எக்ஸ்கோஃபோன் ஒவ்வொரு எழுத்தின் வாலும் கட்டையின் விளிம்பில் ஒரே உயரத்தில் முடியும்படியும், அடுத்த எழுத்து அதே உயரத்தில் தொடங்கும்படியும் அமைத்தார். ஓரங்களைத் தூரிகை பட்டது போலச் சொரசொரப்பாக விட்டார். எழுத்துகள் கொஞ்சம் ஏறியும் இறங்கியும் நிற்கும். கோத்து அச்சடித்தால் ஒரே மூச்சில் எழுதியது போல இருக்கும்.

பிரான்சில் கடைப்பலகை, விளம்பரம், உணவகப் பட்டியல் என்று அது பரவியது. பிறகு கம்ப்யூட்டருக்குள் புகுந்தது. 2011-இல் வந்த 'டிரைவ்' என்ற ஹாலிவுட் படத்தின் தலைப்பும் இளஞ்சிவப்பு மிஸ்ட்ரல்தான். எக்ஸ்கோஃபோன் 1983-இல் காலமானார். அவர் கை மட்டும் உலகம் முழுக்க இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது, எங்கள் கடைத்தெரு உட்பட.

அந்த பிளெக்ஸ் தொங்கும் அதே சுவரில்தான் முன்பு சித்தப்பா எழுதிய ஜவுளிக்கடைப் பெயர் இருந்தது. பிளெக்ஸ் வந்ததும் அவருக்கு வேலை குறைந்தது. சுவரும் வெள்ளையடிக்கப்பட்டது. அவர் எழுத்தை வார்க்க எந்த வார்ப்படச் சாலையும் வரவில்லை. ஒரு போட்டோ எடுத்து வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் நான் எழுத்தைத் தொட்டுப் பிழைத்தவன்.

உங்கள் ஊரில் கையால் எழுதிய பழைய போர்டு ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இருந்தால் அடுத்த வெள்ளையடிப்புக்கு முன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எழுதியவர் பெயர் தெரிந்தால் அதையும் கூடவே குறித்து வையுங்கள்.