ஆங்கிலமும் தெரியாது, கிதாருக்கு ஸ்ருதியும் சேர்க்கல: பிரேசிலின் ‘செபுல்டுரா’ உலக மேடை ஏறியது எப்படி?

2023ஆம் ஆண்டில் ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு சகோதரர்கள் ஒரு விசித்திரமான வேலை செய்தார்கள். 15, 16 வயதில் தாங்கள் பதிவு செய்த முதல் பாடல்களை மறுபடியும் ஸ்டூடியோவுக்குப் போய், முதலில் இருந்து முழுசாக வாசித்து வெளியிட்டார்கள். பழைய பதிவுகளில் அவ்வளவு ஓட்டைகள். மேக்ஸ் கவலேரா, இகோர் கவலேரா என்ற இந்த இருவரும் 1984இல் தொடங்கிய இசைக்குழுதான் செபுல்டுரா.

இன்று மெட்டல் இசை கேட்பவர்களில் இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால் இந்தக் குழு தொடங்கிய இடத்தில் நல்ல கிதார் கிடைக்காது, கையில் காசு கிடையாது, பாட வேண்டிய மொழியும் தெரியாது. அங்கிருந்து ஏழே ஆண்டுகளில் மரக்கானா மைதானத்தின் மேடைக்கு எப்படி வந்தார்கள்?

முதலில், எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்றால் என்ன?

ஹெவி மெட்டலை இன்னும் வேகமாக, இன்னும் கரடுமுரடாக வாசித்தால் எங்கே போய் நிற்கும்? இந்தக் கேள்விக்கு 1980களின் தொடக்கத்தில் பல நாட்டு இளைஞர்கள் தேடிய பதில்தான் எக்ஸ்ட்ரீம் மெட்டல். இங்கிலாந்தின் வெனம், சுவிட்சர்லாந்தின் ஹெல்ஹாமர், அமெரிக்காவின் ஸ்லேயர் ஆகியவை இதன் முன்னோடிகள். த்ராஷ், டெத், பிளாக் என்று பின்னால் கிளைகள் பிரிந்தன.

டிரம்ஸ் அதிவேகமாக ஓடும். கிதாரில் இரைச்சல் வேண்டுமென்றே கூட்டப்படும். பாடகர் ராகமாகப் பாடமாட்டார், அடித்தொண்டையில் உறுமுவார். முதல்முறை கேட்பவருக்கு இதெல்லாம் வெறும் சத்தமாகத் தெரியலாம். பழகிய காதுக்கு அதன் தாளக் கணக்கு பிடிபடும்.

எந்த ஊர், எந்தக் காலம்?

ஊர் பெலோ ஒரிசோன்டே. மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தின் தலைநகர். அந்த மாநிலத்தின் பெயரிலேயே ‘சுரங்கங்கள்’ இருக்கிறது; கத்தோலிக்கப் பழக்கவழக்கங்களில் ஊறிய பகுதி அது. ரியோ, சாவ் பாலோ மாதிரி பாட்டும் பணமும் புழங்கும் பெருநகரம் இல்லை.

காலம் இன்னும் முக்கியம். 1964 முதல் பிரேசிலை ஆண்ட ராணுவம் 1985 மார்ச்சில்தான் ஆட்சியை விட்டு விலகியது. அதே 1985 ஜனவரியில் ரியோவில் முதல் ‘ராக் இன் ரியோ’ விழா நடந்தது. குயீன், அயர்ன் மெய்டன், ஏசி/டிசி, ஓசி ஆஸ்போர்ன் எல்லாம் வந்தார்கள். விழா நடந்துகொண்டிருந்த ஜனவரி 15ஆம் தேதியே, 21 ஆண்டுகளில் முதல்முறையாக ஒரு சிவிலியன், தான்கிரேதோ நெவிஸ், அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவியேற்கும் முன்பே நோய்வாய்ப்பட்டு ஏப்ரலில் இறந்தும் போனார். சந்தோஷமும் குழப்பமும் சேர்ந்தே இருந்த ஆண்டு அது.

பொருளாதாரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1985இல் ஆண்டுப் பணவீக்கம் 200 சதவீதத்துக்கு மேல். 1989இல் ஆயிரத்தைத் தாண்டியது. செபுல்டுராவின் முதல் தட்டுக்கும் 1991இல் வந்த ‘அரைஸ்’ ஆல்பத்துக்கும் இடையில் நாட்டின் நாணயமே மூன்று முறை மாறிவிட்டது: 1986, 1989, 1990. வெளிநாட்டுக் கிதாரோ டிரம்ஸோ வாங்குவது சாதாரணக் குடும்பத்துப் பையனுக்கு எட்டாத கனவு.

கவலேரா வீட்டில் என்ன நடந்தது?

அப்பா கிராசியானோ இத்தாலியத் தூதரக அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வசதியான வாழ்க்கைதான். ஆனால் மேக்ஸ் பத்து வயதை ஒட்டி இருந்தபோது அவர் மாரடைப்பில் இறந்துபோனார். குடும்பம் பணக் கஷ்டத்தில் விழுந்தது. அம்மா வானியாதான் பிள்ளைகளை வளர்த்தார்.

1981இல் சாவ் பாலோவில் நடந்த குயீன் கச்சேரியைச் சகோதரர்கள் நேரில் பார்த்தார்கள். அதன் பிறகு பேச்சு, மூச்சு எல்லாம் இசைதான். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. 1984இல் குழு பிறந்தபோது மேக்ஸுக்கு 15 வயதுகூட நிரம்பியிருந்ததா என்பது சந்தேகம்தான். ஆகஸ்டில்தான் அவருக்குப் பிறந்தநாள். இகோர் அவரைவிட ஒரு வயது இளையவர்.

பெயர் வந்த கதை எளிமையானது. மோட்டர்ஹெட் குழுவின் ஒரு பாட்டை மேக்ஸ் போர்ச்சுகீசிய மொழிக்கு மாற்றிப் பார்த்தார். அதில் கல்லறை என்ற சொல் வந்தது. போர்ச்சுகீசிய மொழியில் அது ‘செபுல்டுரா’. அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள்.

பாடகர் விலகினார், பின்னாளில் பேராசிரியர் ஆனார்

தொடக்கத்தில் பாடியவர் வாக்னர் லாமூனியே. 1985இல் அவர் பிரிந்துபோய் ‘சார்கோஃபகோ’ என்ற இன்னொரு குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவின் 1987 ஆல்பத்தைக் கேட்டு வளர்ந்ததாக நார்வேயின் பிளாக் மெட்டல் இசைக்கலைஞர்கள் பின்னாளில் சொன்னார்கள். வாக்னரோ, இசையை விட்டுவிட்டு அதே மாநிலத்தின் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆகிவிட்டார். பாடம்? பொருளாதாரம். எண்களோடு பிழைப்பு நடத்தும் என்னைப் போன்றவர்களுக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடிக்கும்.

பாடகர் போனதும், கிதார் வாசித்துக்கொண்டிருந்த மேக்ஸே பாடும் வேலையையும் எடுத்துக்கொண்டார். டிரம்ஸில் இகோர், இன்னொரு கிதாரில் ஜைரோ கெஸ், பேஸ் கிதாரில் பாவ்லோ ஜூனியர். முதல் தட்டைப் பதிவு செய்தது இந்த நால்வர்தான்.

ஒரு கடை செய்த வேலை

பெலோ ஒரிசோன்டேவில் ‘கோகுமேலோ’ என்று ஒரு இசைத்தட்டுக் கடை. போர்ச்சுகீசிய மொழியில் அதற்குக் காளான் என்று பொருள். 1980இல் தொடங்கிய இந்தக் கடைதான் மெட்டல் பித்துப்பிடித்த பையன்கள் கூடும் இடம். புதுத் தட்டு வந்தால் அங்கேதான் கேட்பார்கள், அங்கேதான் சண்டையும் போடுவார்கள். 1985இல் கடைக்காரர்கள் சொந்தமாக லேபிளும் ஆரம்பித்தார்கள்.

முதல் வெளியீட்டுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த வழி புத்திசாலித்தனமானது: ஒரே தட்டு, இரண்டு குழுக்கள். ஒரு பக்கம் ஓவர்டோஸ், மறுபக்கம் செபுல்டுரா. செபுல்டுராவின் பக்கத்துக்குப் பெயர் ‘பெஸ்டியல் டிவாஸ்டேஷன்’. இரண்டே நாளில் பதிவு முடிந்தது. தட்டு வெளியானபோது மேக்ஸுக்கு 16, இகோருக்கு 15.

அடுத்த ஆண்டு முழு ஆல்பம், ‘மார்பிட் விஷன்ஸ்’. குழுவில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. வரிகளைப் போர்ச்சுகீசிய மொழியில் எழுதினார்கள். ஒரு நண்பர் அவற்றைக் கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினார். பொருள் முழுக்க சாத்தான், நரகம், அழிவு. பெரும்பாலும் வெனம் போன்ற குழுக்களிடம் இரவல் வாங்கியது. பதிவின்போது கிதாருக்கு ஸ்ருதி சேர்க்கக்கூட மெனக்கெடவில்லை என்று மேக்ஸே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

ஆனால் அந்த முரட்டுத்தனமே பலருக்குப் பிடித்துப்போனது. அன்று இணையம் கிடையாது. ரசிகர்கள் கேசட்டில் பதிவு செய்து, கடிதத்தோடு தபாலில் இன்னொரு நாட்டு ரசிகருக்கு அனுப்புவார்கள். அவர் பதிலுக்குத் தன் ஊர்க் குழுவின் கேசட்டை அனுப்புவார். இந்தத் தபால் வலையில்தான் செபுல்டுரா பிரேசிலைத் தாண்டியது.

திருப்பம் எது?

1987இல் ஜைரோ விலகினார். அவர் இடத்துக்கு சாவ் பாலோவிலிருந்து ஆண்ட்ரியாஸ் கிஸ்ஸர் வந்தார். இவர் முறையாகக் கிதார் பயின்றவர். வேகம் ஏற்கெனவே இருந்தது. ஆண்ட்ரியாஸ் வந்த பிறகு துல்லியமும் சேர்ந்தது. அதே ஆண்டு வெளியான ‘ஸ்கிசோஃப்ரினியா’வை முந்தைய ஆல்பத்தோடு அடுத்தடுத்துக் கேட்டால், இரண்டும் ஒரே குழுவா என்று சந்தேகம் வரும். வரிகளிலும் சாத்தான் பின்வாங்கி, மனச்சிதைவும் மரணமும் முன்னுக்கு வந்தன.

புகழ் வந்தது, பணம் வரவில்லை. ஐரோப்பாவில் இந்த ஆல்பத்தின் அனுமதியில்லாப் பதிப்பு ஒன்று விற்றது. குழுவுக்கு ராயல்டி கிடைக்கவில்லை. வெளிநாட்டு லேபிள் ஒன்றோடு நேரடி ஒப்பந்தம் இல்லையென்றால் இனி நகர முடியாது என்ற நிலை.

இங்கேதான் ரசிகர்கள் சலிக்காமல் சொல்லும் கதை ஒன்று வருகிறது. விமான நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவரின் உதவியால் மேக்ஸ், ஊழியர் போல உடை உடுத்தி நியூயார்க்குக்கு விமானம் ஏறினார். கையில் தங்கள் பதிவுகள். ரோட்ரன்னர் லேபிளின் மான்டி கானருக்கு அவர்களின் இசை பிடித்தது; 1988இல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

2,000 டாலருக்கு வந்த தயாரிப்பாளர்

ரோட்ரன்னர் கொடுத்த பட்ஜெட் சின்னது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் டெத் மெட்டல் பதிவுகளில் பெயர் வாங்கிக்கொண்டிருந்த ஸ்காட் பர்ன்ஸ், சுமார் 2,000 டாலர் சம்பளத்துக்கு வர ஒப்புக்கொண்டார். பிரேசில் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசைதான் முக்கியக் காரணம்.

1988 டிசம்பர், ரியோவின் ‘நாஸ் நுவென்ஸ்’ ஸ்டூடியோ. இரவு எட்டு மணி வாக்கில் தொடங்கினால் விடியற்காலை வரை பதிவு நடக்கும். அப்படி உருவான ‘பினீத் தி ரிமெய்ன்ஸ்’ 1989 ஏப்ரலில் வெளியானது. த்ராஷ் மெட்டலின் சிறந்த ஆல்பங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இதைத் தவிர்ப்பது கடினம். அந்த ஆண்டே ஜெர்மனியின் சோடோம் குழுவோடு ஐரோப்பியப் பயணம். 1991 ஜனவரியில் இரண்டாவது ‘ராக் இன் ரியோ’, இடம் மரக்கானா. முதல் விழா நடந்தபோது ஊர்ப் பேர் தெரியாத பையன்களாக இருந்தவர்களுக்கு இந்த முறை மேடையில் இடம்.

சுருக்கமாக, ஆண்டு வாரியாக

- 1984: பெலோ ஒரிசோன்டேவில் தொடக்கம்
- 1985: ‘பெஸ்டியல் டிவாஸ்டேஷன்’, ஓவர்டோஸ் குழுவுடன் ஒரே தட்டில்
- 1986: ‘மார்பிட் விஷன்ஸ்’
- 1987: ஆண்ட்ரியாஸ் வருகை, ‘ஸ்கிசோஃப்ரினியா’
- 1988: ரோட்ரன்னர் ஒப்பந்தம்
- 1989: ‘பினீத் தி ரிமெய்ன்ஸ்’, முதல் ஐரோப்பியப் பயணம்
- 1991: ராக் இன் ரியோ, ‘அரைஸ்’

அப்போ, ஜெயித்ததற்கு என்ன காரணம்?

திறமை, உழைப்பு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அதே ஊரில் சார்கோஃபகோ, முட்டிலேட்டர், சகால், ஹோலோகாஸ்டோ என்று பல குழுக்கள் இருந்தன. அவர்களிடமும் திறமை இருந்தது. செபுல்டுராவைப் பிரித்துக் காட்டுவது இரண்டு விஷயங்கள்.

ஒன்று, ஒவ்வொரு ஆல்பத்துக்கும் தங்களைத் திருத்திக்கொண்டார்கள். ஸ்ருதி சேராத கிதாரைக் கொண்டாடிக்கொண்டு அங்கேயே நிற்கவில்லை. ஊரை விட்டு சாவ் பாலோவுக்குக் குடிபெயர்ந்ததும் அந்த வேகத்தில்தான்.

இரண்டு, இரவல் சரக்கை மெல்ல மெல்ல இறக்கி வைத்தார்கள். 1993இல் வந்த ‘கேயாஸ் ஏ.டி.’யில் பாடுபொருள் சொந்த நாடு. 1992 அக்டோபரில் சாவ் பாலோவின் கரன்டிரு சிறையில் காவல்துறை நடவடிக்கையில் 111 கைதிகள் கொல்லப்பட்டதைப் பற்றி அதில் ஒரு பாடல் உண்டு. நிலம் இழந்து தற்கொலைக்குத் தள்ளப்பட்ட கயோவா பழங்குடியினருக்காக ஒரு வாத்திய இசையும் உண்டு. 1996இல் வெளியான ‘ரூட்ஸ்’ ஆல்பத்துக்காக ஷவான்டே பழங்குடி மக்களின் ஊருக்கே போய் அவர்களோடு சேர்ந்து பதிவு செய்தார்கள். ஐரோப்பாவில் கண்டுபிடித்த சாத்தானைப் பற்றிப் பாட யாரும் போதும். இந்தப் பாடல்களை வேறு நாட்டுக் குழு எழுதியிருக்க முடியாது.

பிறகு ஏன் உடைந்தது?

‘ரூட்ஸ்’ வெளியான அதே 1996இல். குழுவின் மேலாளர் குளோரியா, மேக்ஸின் மனைவி. ஆகஸ்டில் குளோரியாவின் மகன் டேனா கார் விபத்தில் இறந்தார். அந்த ஆண்டு இறுதியில் மற்ற மூவரும் குளோரியாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விரும்பவில்லை. டிசம்பரில் லண்டன் கச்சேரியோடு மேக்ஸ் வெளியேறினார். டிரம்ஸில் இருந்த தம்பி, குழுவிலேயே தங்கினார். சகோதரர்கள் பல ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. 2006இல் இகோரும் விலக, பிறகு இருவரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். பெயர் மட்டும் ஆண்ட்ரியாஸ், பாவ்லோ பக்கம் இருந்தது. அவர்கள் அமெரிக்கப் பாடகர் டெரிக் கிரீனோடு செபுல்டுராவைத் தொடர்ந்தார்கள்.

2023 டிசம்பரில் அந்தக் குழு தன் விடைபெறும் பயணத்தை அறிவித்தது. 2024 மார்ச்சில் அது தொடங்கிய ஊர், பெலோ ஒரிசோன்டே. தொடங்கிய சகோதரர்கள் மேடையில் இல்லை. அவர்கள் தங்கள் பெயரிலேயே அந்தப் பழைய பாடல்களை மறுபதிவு செய்து வெளியிட்டு, வேறு மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

கேட்க ஆசையா? எங்கே தொடங்கலாம்?

‘மார்பிட் விஷன்ஸ்’, ‘ஸ்கிசோஃப்ரினியா’, ‘பினீத் தி ரிமெய்ன்ஸ்’. இந்த வரிசையிலேயே, ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு பாடல்களை மட்டும் கேளுங்கள். ஹெட்ஃபோனில் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தே ஆரம்பியுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. மூன்றே ஆண்டுகளில் சில பையன்கள் எவ்வளவு தூரம் வந்தார்கள் என்பது காதிலேயே தெரிந்துவிடும்.