படத்தின் முதுகில் பூசிய சாயம்

வீட்டுச் சுவரில் பழைய கல்யாணப் படம் மாட்டியிருந்தால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுற்றியோ மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி ஓரத்திலோ பனி படர்ந்தாற்போல ஒரு வெளிச்சம் கசிந்திருக்கும். எங்கள் பக்கத்துப் பாட்டி ஒருவர் அதைத் தெய்வக் களை என்றே சொல்வார். லென்ஸ் வழியே வந்த ஒளி வெள்ளி உப்புப் பூச்சைத் துளைத்துப்போய், பின்னாலிருக்கும் கண்ணாடியின் மறுபுறத்தில் பட்டுத் திரும்பி, பூச்சை அடியிலிருந்து இன்னொரு முறை தாக்குவதால் வருவது அது. பிரெஞ்சில் இதற்கு 'ஆலோ' என்று பெயர். நிலா கோட்டை கட்டியிருக்கிறது, மழை வரும் என்பார்களே, அந்தக் கோட்டைக்கும் அங்கே இதே சொல்தான்.

கண்ணாடித் தகட்டின் காலத்தில் இதற்கு வைத்தியம் சமையலறையிலேயே கிடைத்தது. சர்க்கரையைக் கருகக் காய்ச்சி, அதில் சுட்ட காவிமண்ணைக் குழைத்துத் தகட்டின் முதுகில் பூசுவார்கள். டெவலப் செய்யுமுன் ஈரப் பஞ்சால் துடைத்து எடுத்துவிட வேண்டும். பிறகு ஷீட் ஃபிலிம் வந்தது. அது கண்ணாடியைவிட மெல்லியது, ஆகவே ஆலோவும் சிறுத்தது. முதுகில் ஜெலட்டினோடு சாயம் கலந்து ஆலையிலேயே பூசி அனுப்பினார்கள். ஃபிலிம் சுருண்டுகொள்ளாமல் இருக்கவும் அந்தப் பூச்சு உதவியது.

1970-களில் நான் திண்டிவனத்தில் குமாஸ்தா. அங்கே ஒரு ஸ்டுடியோக்காரர் எனக்குப் பழக்கம். அவருடைய இருட்டறைக்கு ஓட்டுக் கூரை, பகலில் உள்ளே நிற்க முடியாது. அதனால் ஹாஃப் பிளேட் ஃபிலிம்களை வீட்டுக்கு எடுத்துப்போய், இரவு பத்து மணிக்குமேல் பின்கட்டில் வைத்துக் கழுவுவார். ஒருமுறை பிரான்சிலிருந்து விடுமுறையில் வந்த பாண்டிச்சேரி சொல்தா ஒருவர் அவருக்கு ஒரு பெட்டி ஷீட் ஃபிலிம் கொடுத்துவிட்டார். உள்ளே இருந்த தாள் முழுக்கப் பிரெஞ்சு. நான் படித்த பள்ளிக்கூடத்தின் புண்ணியத்தில் அதை வாசித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. 'கூஷ் ஆந்திஆலோ' என்ற இடத்தில் இரண்டு பேரும் நின்றோம். "ஐயா, இந்தச் சாயம் தானா போகுமா, நாம தேய்க்கணுமா?" என்று கேட்டார்.

தானாகத்தான் போகும். டெவலப்பரில் உள்ள காரமும் சோடியம் சல்ஃபைட்டும் சேர்ந்து சாயத்தை வெளுத்துவிடும். முதலில் வெறும் தண்ணீரில் ஊறவைத்தாலே பாதி கரைந்துவிடும். ஊற்றிவிடும் தண்ணீர் சாயப்பட்டறைத் தண்ணீர்போல இருக்கும். ஆனால் ஃபிலிமின் முதுகு ட்ரேயோடு ஒட்டிக்கொண்டால் அந்த இடத்துக்கு மருந்து போகாது, சாயம் திட்டாக நின்றுவிடும். ஆர்த்தோ ஃபிலிமில் அது சிவப்புச் சாயம். பிரிண்ட் போடும் தாள் நீல ஒளியைத்தான் அதிகம் உணரும், சிவப்பு அதை மறித்துவிடும். மணப்பெண் கன்னத்தில் திட்டு விழுந்தால் படத்தில் அங்கே வெள்ளைத் தழும்பு! அதனால் இருட்டிலேயே ஃபிலிமை அடிக்கடி தூக்கித் தூக்கிப் போட வேண்டும். அப்படியும் நின்றுவிட்டால் பதற வேண்டியதில்லை. ஹைப்போவில் நன்றாக ஊறிய பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு, சல்ஃபைட் கரைத்த தண்ணீரில் சில நிமிஷம் வைத்துக் கழுவினால் போய்விடும். தேய்க்கக்கூடாது, ஊறிய ஜெலட்டின் நகம் பட்டாலே கீறும்.

எங்கள் ஊர்களில் சிக்கலே வேறு. புத்தகம் 20 டிகிரி என்று சொல்லும். அக்கினி நட்சத்திரத்தில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தொட்டித் தண்ணீர் ராத்திரியிலும் 30-க்குக் கீழே இறங்காது. சூட்டில் சாயம் சீக்கிரம் போகும், கூடவே பூச்சும் உப்பி ஓரத்தில் கழலும். நண்பர் ஐஸ் வாங்கி வைப்பார், குரோம் படிகாரக் கரைசலும் தயாராக இருக்கும்.

நம் ஊர் ஃபிலிம் கதையிலும் பிரெஞ்சுக்காரர் உண்டு. 1960-ல் ஊட்டியில் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில்தான் எழுந்தது. 1967-ல் 'இந்து' ஃபிலிம் வெளிவந்தது. தூசு இல்லாத குளிர்ந்த மலைக்காற்று பூச்சு வேலைக்கு ஏற்றது. 1990-களில் நலிந்து, பிறகு டிஜிட்டல் கேமரா வந்ததும் மீள வழியில்லாமல் மூடப்பட்டது. அத்தனை கைத்திறனும் அதோடு போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி விலை வானத்துக்கு ஏறியது. நெகட்டிவில் வெள்ளி இருக்கிறதே! பல ஸ்டுடியோக்கள் பெட்டி பெட்டியாக எடைக்குப் போட்டன. நண்பருடைய பெட்டிகளும் அப்படித்தான் போயின. தப்பித்த ஸ்டுடியோ படங்களைப் பின்னாளில் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாடெங்கும் தேடி டிஜிட்டலில் பதிந்திருக்கிறார்கள்.

உங்கள் பரணில் பழைய நெகட்டிவ் இருந்து, அதில் லேசாக இளஞ்சிவப்போ நீலமோ தெரிந்தால் அழுக்கு என்று துடைக்கப் போகாதீர்கள். முழுக்கப் போகாத அந்த முதுகுச் சாயமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். காகித உறையில் போட்டு, வெயில் படாமல் நிறுத்தி வையுங்கள்.