மலையும் பாலமும்: தென்சென்னைப் புறநகரில் ஐரோப்பியப் பயணக் கையேட்டின் தடம்

பயணக் கையேடுகளைப் பற்றி எழுதவரும் எவரும் பிரெஞ்சு விமர்சகர் ரொலான் பார்த்தைத் தாண்டிப் போக முடிவதில்லை. 1957இல் வெளிவந்த 'மித்தாலஜீஸ்' நூலில் பிரான்சின் நீலக் கையேட்டைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரை, இத்துறையில் ஏறத்தாழ இறுதித் தீர்ப்பாகவே கொள்ளப்படுகிறது. நீலக் கையேட்டின் ஸ்பெயின் பகுதியை எடுத்துக்கொண்டு அவர் அடுக்கும் குற்றச்சாட்டுகள் கடுமையானவை. மேடு பள்ளம் இருந்தால்தான் அக்கையேட்டுக்கு நிலம் அழகு. சமவெளி கண்ணில் படாது. மனிதர்கள் இன்ன வட்டாரத்தார் இன்ன குணத்தார் என்ற வார்ப்புகளாகச் சுருங்குவார்கள். எஞ்சுபவை நினைவுச் சின்னங்கள், அவற்றிலும் பெரும்பாலும் தேவாலயங்கள். இவற்றை மட்டும் பொறுக்கியெடுப்பதால் அந்த நாட்டில் இன்று வாழும் மக்களும் அவர்களின் வரலாறும் துடைத்தெறியப்படுகின்றன. வழிகாட்ட வந்த நூல் கண்ணைக் கட்டிவிடுகிறது என்கிறார் பார்த்.

இந்த வாசிப்பைத் தென்சென்னையில் வைத்துப் பார்த்தால், முதல் பார்வையில் அப்படியே பொருந்துகிறது. பழைய கையேடுகள் சென்னைக்குத் தெற்கே பயணியை அழைத்துச் செல்லும் இடங்கள் சின்னமலையும் பரங்கிமலையும். இரண்டும் மேடுகள், இரண்டின் மேலும் தேவாலயங்கள். சுமார் 300 அடி உயரமுள்ள பரங்கிமலை, பார்த் சொன்ன இலக்கணத்துக்கென்றே எழுப்பியது போல நிற்கிறது. அதைச் சுற்றியிருந்த ஏரிகள், வயல்கள், ஊர்கள் பக்கங்களில் காணாமற்போகின்றன. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் பார்த்தின் வாசிப்பு நம் பகுதிக்கு உதவாது என்பதே என் வாதம். கையேடு எதைப் பார்க்கச் சொன்னது என்று அவர் கேட்டார். யாரை, எந்த வண்டியில், எதற்காக அனுப்பியது என்று கேட்கவில்லை.

லண்டன் பதிப்பாளர் ஜான் மர்ரே 1836இல் ஐரோப்பாக் கண்டத்துக்கு வெளியிட்ட கையேடும், அதையொட்டி ஜெர்மன் பதிப்பாளர் பேடெக்கர் வளர்த்த முறையும் வாசகர் அறிந்தவை. அந்த வார்ப்பு 1859இல் சென்னைக்கு வந்தது. எட்வர்ட் ஈஸ்ட்விக் எழுதிய மர்ரேயின் இந்தியக் கையேட்டில் முதல் பகுதி சென்னை மாகாணம், இரண்டாம் பகுதி பம்பாய். அதன் நீண்ட தலைப்பை முழுவதும் படிக்க வேண்டும். பயணிகள், படை அதிகாரிகள், சிவில் அதிகாரிகள் ஆகியோருக்கு வழிகாட்டி என்று அது தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது; இந்நாட்டு மொழிகளின் சொற்பட்டியலும் உரையாடல்களும் சேர்ந்திருப்பதாகவும் சொல்கிறது. ரைன் நதிக்கரையில் உல்லாசமாகத் திரிபவனுக்கு எழுதிய நூலன்று இது. பணியிட உத்தரவு கிடைத்துக் கப்பலேறியவனுக்கு எழுதியது.

அப்படிப் பார்த்தால் பரங்கிமலையும் வேறாகத் தெரிகிறது. அது சென்னைப் படையின் பீரங்கிப் பிரிவுக்குத் தலைமையிடம். அடுத்திருந்த பல்லாவரமும் படைமுகாம். இன்றுவரை இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்தே ஒரு கண்டோன்மென்ட் வாரியம் இயங்குகிறது. மலையடிவாரத்தில் குடியிருக்கப் போகும் அதிகாரிக்கு, மேலேயிருக்கும் தேவாலயத்தைப் பற்றிய பத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கான குறிப்புத்தான். அவனை அங்கே கொண்டுவந்தது முகாம். மலையின் வனப்பு பிறகு சேர்ந்தது. பீரங்கிப் பிரிவு போய்ப் பல காலம் ஆன பின்னும் அந்தப் பத்தி பதிப்புக்குப் பதிப்பு தங்கிவிட்டதால்தான், பிற்காலத்தில் படிக்கிறவருக்கு அது தூய சமயச் சின்ன மோகம் போலத் தோன்றுகிறது.

இங்கே ஒரு கல்வெட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மலைமேல் இருப்பதைச் சொல்லவில்லை. அடையாற்றின் மேல் சைதாப்பேட்டையில் இருக்கும் மறைமலையடிகள் பாலத்தருகே ஒரு நினைவுக்கல் நிற்கிறது. அங்கே இதற்கு முன்பிருந்த மர்மலாங் பாலத்தை 1726இல் தன் சொந்தப் பணத்தில் கட்டிய ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கானின் பெயர் தாங்கிய கல் அது. பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவரும் அவரே. கல்லில் உள்ள மொழிகள் பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன். தமிழ் இல்லை. பாரசீகம் அன்றைய ஆட்சியாளர்க்கு, ஆர்மீனியம் தம் இனத்தார்க்கு, லத்தீன் ஐரோப்பியர்க்கு என்று கொண்டால், ஆற்றைக் கடந்து மலைக்குப் போகக்கூடிய வெளியாள் ஒவ்வொருவரையும் அது விளிக்கிறது. ஆற்றங்கரையில் குடியிருந்தவரை விளிக்கவில்லை. ஒரு வழியை ஏற்படுத்தி, அதில் வருவோரின் மொழிகளில் அவர்களோடு பேசும் இந்தக் கல்லை, மர்ரேயின் இந்தியக் கையேட்டுக்கு 130 ஆண்டுகளுக்கு மேல் முந்திய வழிகாட்டி நூலின் முதல் பக்கம் என்றே நான் படிக்கிறேன். இதற்குக் கல்லைத் தவிர வேறு சான்று இல்லை என்பது உண்மை. ஆனாலும் பாலமும் படியும் இல்லாமல், வெள்ளம் வரும் ஆற்றுக்கு அப்பாலிருந்த ஒரு குன்று எல்லாக் கையேட்டிலும் கட்டாயம் பார்க்க வேண்டிய இடமாகியிருக்காது. சின்னம் வழியை உண்டாக்கவில்லை. வழிதான் சின்னத்தை உண்டாக்கியது.

மலைமேல் உள்ள கல்லுக்கு வருவோம். 1547இல் போர்த்துக்கீசியர் அங்கே தோண்டியபோது கிடைத்த சிலுவையைச் சுற்றிப் பஹ்லவி எழுத்தில் ஒரு வரி ஓடுகிறது. 16ஆம் நூற்றாண்டில் அதைப் 'படித்துச்' சொன்னதாக வழங்கிய கதை, கிறிஸ்துவின் சீடரான தோமாவின் வரலாறு முழுவதையும் அதற்குள் திணித்தது. 1873இல் பர்னெல் அதை ஒரு சமயக் கோட்பாட்டு வாசகமாகப் படித்தார்: சிலுவையில் துன்புற்றவரே உண்மையான கிறிஸ்து என்ற போக்கில் பொருள் சொன்னார். 1929இல் வின்க்வொர்த் தந்த பாடம் முற்றிலும் வேறு. சகர்புக்தின் மகனான அப்ராஸ் என்ற சிரியர், இதைச் செதுக்கிய தம்மேல் இரங்கும்படி கிறிஸ்துவை வேண்டுகிறார், அவ்வளவே. சிலுவையின் காலத்தை 6 முதல் 9ஆம் நூற்றாண்டு வரை ஆய்வாளர்கள் பலவாறு வைக்கிறார்கள். அது இன்னும் முடிவாகவில்லை. நம் கேள்விக்கு வேண்டியது இதுதான்: 1929க்கு முன் அச்சான எந்தக் கையேடும் அப்ராஸின் பெயரைச் சொல்லியிருக்க முடியாது. பார்த் கையேட்டின் மேல் சுமத்தும் குற்றத்தில் ஒரு பங்கு, அந்தக் கையேடு நம்பியிருந்த புலமையின் மேல் விழ வேண்டியது. கல்லுக்குள் இருந்த மனிதரை அன்றைய கல்வெட்டியலே கண்டிருக்கவில்லை.

பார்த்துக்கு எதிரான மிக வலுவான சான்று மாமல்லபுரத்தில் இருக்கிறது. 1869இலேயே கார் என்பவர் தொகுத்த கட்டுரைத் தொகுதி ஒன்றைப் பெற்றுவிட்ட, எல்லாக் கையேட்டிலும் இடம்பிடித்த ஊர் அது. 19ஆம் நூற்றாண்டுப் பயணி பக்கிங்காம் கால்வாயில் படகேறி, இரவெல்லாம் மிதந்து அங்கே போனார். அவருக்குச் சென்னையின் தெற்கு என்பது திருவான்மியூர், முட்டுக்காடு, கோவளம் என்று கடலோரமாக விரிந்தது. 1870களில் தெற்கே மீட்டர் பாதை போடப்பட்டபின், செங்கற்பட்டில் இறங்கித் திருக்கழுக்குன்றம் வழியாக வண்டியில் போகும் வழி ஏற்பட்டது. அப்போது தெற்கு என்பது பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் என்று உள்நாட்டுக்கு நகர்ந்தது. 1990களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபின் மீண்டும் கடலோரத்துக்கே போயிற்று. முதல் மாற்றத்துக்கு ஒரே ஆண்டைக் குறிக்க இயலாது. இரு வழிகளும் நெடுங்காலம் அருகருகே வழங்கின. ஆனால் இந்த 150 ஆண்டுகளில் மாமல்லபுரத்துக் கற்கள் ஓரடியும் நகரவில்லை. இடையிலிருந்த ஊர்கள் மட்டும் தோன்றித் தோன்றி மறைந்தன. சின்னமே கையேட்டை ஆள்கிறது என்ற கொள்கையால் இதை விளக்க முடியுமா?

தென்னிந்திய ரயில்வேக்காக ஹிக்கின்பாதம்ஸ் 1900இல் வெளியிட்ட படங்களுடன் கூடிய வழிகாட்டி, நிலையம் நிலையமாக நகரும் நூல். தங்குமிடம், வண்டி வசதி, உள்ளூர் உற்பத்தி, உள்ளூர் அதிகாரிகள், திருவிழாக்கள் என்ற தலைப்புகளுக்குப் பின்பே பார்க்கத்தக்கவை வரும். எந்தச் சத்திரத்தில் எந்தச் சாதியார் தங்கலாம் என்பதையும் அது சொல்கிறது. நிர்வாகம் எழுதிய நூல்தான், வணிக நோக்கமும் வெளிப்படை. ஆனாலும் ஆளில்லாத நிலம் என்று இதை எவரும் சொல்ல முடியாது. சத்திரத்துச் சாதிக் குறிப்பு இன்று நமக்கு வலிக்கிறது. அன்று வாழ்ந்தவர்கள் அந்தப் பக்கத்தில் இருப்பதால்தான் அந்த வலியும் வருகிறது.

சின்னமே கையேட்டை ஆள்கிறது என்ற கொள்கைக்கு நேர்மாறான பாடத்தைப் பல்லாவரமும் தருகிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் பழைய கற்காலக் கருவியை முதன்முதலாகக் கண்டெடுத்தது அங்கேதான். மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்கள் பொறித்த குடைவரையும் அங்கே உண்டு. அது இப்போது தர்காவாக வழங்குகிறது. சின்னமே போதும் என்றால் பல்லாவரம் பரங்கிமலையை மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சவில்லை.

தாம்பரம் வழியால் மட்டுமே ஊரான ஊர். 1928இல் டாக்டர் சௌரி முத்துவின் காசநோய் மருத்துவமனை, 1931இல் கடற்கரையிலிருந்து மின்சார ரயில், 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1938 டிசம்பரில் உலகின் பல நாடுகளிலிருந்து பேராளர்கள் கூடிய அனைத்துலக மிஷன் மாநாடு. பத்தே ஆண்டில், சின்னம் என்று ஒன்றும் இல்லாமலே, தாம்பரத்தின் பெயர் ஐரோப்பிய அச்சில் ஏறியது. மின்சார ரயில் இங்கே வந்து நின்றதுதான் இதற்கு வித்து என்று கருதுகிறேன். மருத்துவமனை மின்சார ரயிலுக்கு முந்தியது என்ற மறுப்பு எழலாம். ஆனால் மீட்டர் பாதையும் நிலையமும் அதற்கு வெகு காலம் முன்பே இருந்தன.

கையேடு இருந்தாலும் வழி அடைபட்டால் அது வெறும் தாளே என்பதற்கு 1914 சாட்சி. பேடெக்கரின் இந்தியக் கையேடு ஜெர்மன் மொழியில் வெளிவந்தது அந்த ஆண்டில். அதே ஆண்டில் போர் மூண்டது; செப்டம்பர் 22 அன்று ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டது.

பார்த் நீலக் கையேட்டைப் பற்றிச் சொன்னது நீலக் கையேட்டுக்குச் சரியாக இருக்கலாம். தென்சென்னையைப் படிக்க நமக்கு வேண்டியவை கால அட்டவணைகளும் கட்டணப் பட்டியல்களும் நிலைய வரைபடங்களும்தான். நூலகங்கள் அவற்றைக் குப்பையாகக் கருதிக் கழித்துவிட்டன. பழைய தென்னிந்திய ரயில்வேக் கால அட்டவணையோ, மாதச் சீட்டோ, ஊர்ச் சிறுநூலோ தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரத்து வீடுகளின் பரண்களில் இன்னும் கிடக்கக்கூடும். பழைய தாள் கடைக்குப் போடுமுன், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை ஒருமுறை கேளுங்கள்.