தெரணியகலவும் ஈழத்து உயிர்ச்சுவடுகளும்

ஒரு நாட்டின் வரலாறு கல்வெட்டோடு தொடங்குவதன்று. மாந்தர் எழுதக் கற்குமுன்னரே மண் தன் படைகளிற் பொறித்துவைத்த வரலாறும் உண்டு. இலங்கையில் அதனைப் படிக்க முயன்றோருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் பி. இ. பி. தெரணியகல (1900–1976) ஆவர். 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக விளங்கிய இவர், ஊர்வன, மீன்கள் முதலியவற்றை ஆராய்ந்ததோடு அழிந்துபோன விலங்குகளையும் ஆராய்ந்தார்.

இவ்வாராய்ச்சிக்குக் களமாயமைந்தது இரத்தினபுரிப் பகுதி. அங்கு மாணிக்கம் தேடுவோர் வயல்களிற் குழி தோண்டி, 'இல்லம' எனத் தாம் வழங்கும் சரளைப் படையை மேலே கொணர்ந்து நீரில் அரிப்பர். மணி தேடுவோர்க்குப் பல்லும் எலும்பும் கழிவே. அக்கழிவையே தெரணியகல செல்வமெனக் கொண்டார். இன்று இத்தீவில் இல்லாத நீர்யானையும் காண்டாமிருகமும் ஒருகால் இங்கு வாழ்ந்தன என்பதை அவ்வெச்சங்கள் காட்டின. குருவிட்டையிற் கிடைத்த பற்களைக் கொண்டு 1939இல் அழிந்துபோன சிங்கவகை ஒன்றையும் அவர் விவரித்தார். பனியூழிக் காலங்களிற் கடல்மட்டம் தாழ்ந்தபோது ஆழமற்ற பாக்கு நீரிணை நிலமாகி இந்தியாவோடு இத்தீவை இணைத்தது. அவ்வழியே விலங்குகள் இங்கு வந்திருத்தல் கூடும். இவ்வாய்வுகளைத் திரட்டி, இலங்கையின் பிளைத்தோசீன் காலம் பற்றிய நூலை 1958இல் வெளியிட்டார்.

எனினும், இச்சான்றுகளுக்கு ஒரு குறையுண்டு. ஆற்றுநீர் உருட்டிக் கலந்த எலும்புகள், குழியினின்று வாரி எடுக்கப்படும்போது தாம் கிடந்த படையினின்றும் பிரிந்துவிடுகின்றன. விலங்கு யாது என்பதை எலும்பு கூறும்; அஃது எக்காலத்தது என்பதையோ அது கிடந்த படையே பெரிதும் கூறல்வேண்டும். ஆதலின் இரத்தினபுரி விலங்குகளின் காலம் பற்றி ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு நிலவுகின்றது.

பேணிவைத்த பொருளின் பயன் பின்னாளிலும் வெளிப்பட்டது. தெரணியகல விவரித்த சிங்கப்பல்லை மீண்டும் ஆராய்ந்த ஆய்வொன்று 2005இல் வெளியாயிற்று. சிங்கமேயன்றி வேங்கையும் பண்டு இத்தீவில் வாழ்ந்ததென அது கூறிற்று. பல் காக்கப்படாதிருப்பின், முதல் ஆய்வாளரின் முடிவைச் சோதித்தறிய வழியே இருந்திராது.

பல்லைப் பேழையில் வைத்துக் காக்கலாம். நிலத்தை எங்ஙனம் காப்பது? மயோசீன் காலக் கடலுயிர்களின் சுவடுகள் தெற்கே மினிஹாகல்கந்தையிலும், வடமேற்கே புத்தளத்தையடுத்த அருவக்காட்டிலும் காணப்படுகின்றன. முன்னையது யால தேசிய வனத்துள் அமைந்தமையால் காவல் பெற்றது. பின்னையதோ சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழப்படும் இடம். கொழும்பு நகரின் குப்பையைக் கொட்டுதற்குப் பிற்காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அருவக்காடே. வனவிலங்குக்கென எழுந்த வேலி ஓரிடத்தைக் காத்தது. உயிர்ச்சுவடுகள் மற்றையதற்கு வேலி தேடித்தரவில்லை.

சீமெந்தும் வேண்டும், குப்பைக்கு இடமும் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயினும் அகழுமுன் ஆராய்தலும், சிறந்த படைகளுள் ஒரு பகுதியையேனும் தொடாது விடுதலும் இயலாத செயல்கள் அல்ல. இடிந்த கோயிலை மீண்டும் எடுப்பிக்கலாம். சிதைந்த மண்படையை மீண்டும் அடுக்குவார் எவருமிலர். தெரணியகல கழிவினின்று மீட்ட வரலாற்றின் எஞ்சிய ஏடுகள் இன்னும் நிலத்திலேயே உள்ளன. அவற்றைக் காத்துப் படித்தல் இன்று கல்லூரிகளிற் பயிலும் மாணவர்பால் விடப்பட்ட கடமையாகும்.